ஈருறுப்பா, முப்படியா?

சென்ற ஆண்டு நோன்பு மாதத்துக்குச் சற்று முன்பு, துபாயில் சாரத்திலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டு என் கணவர் கோட்டுச்சேரிக்குத் திரும்பி வந்தார். இனிப் பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டில் வேலைக்குப் போக நான்தான் மிச்சம். அங்கன்வாடியில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி கேட்டார்கள். நானோ பள்ளியில் கணக்கில் தவறியவள். தனித்தேர்வராக எழுதத் துணிந்து, காரைக்கால் டவுனில் ஒரு டுடோரியலில் சேர்ந்தேன்.

மற்றதெல்லாம் எப்படியோ மண்டையில் ஏறியது. பல்லுறுப்புக் கோவை வந்ததும் திகைத்து நின்றுவிட்டேன். ஓருறுப்பு, ஈருறுப்பு, மூவுறுப்பு என்றார் சார். பிறகு ஒருபடி, இருபடி, முப்படி என்றார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. பலகையில் x³ + 5 என்று எழுதி, இது என்ன வகை என்று கேட்டார். ஈருறுப்புக் கோவை என்றேன். சரி என்றார். அதையே பக்கத்தில் இருந்த செல்வியிடம் கேட்டார். முப்படிக் கோவை என்றாள். அதுவும் சரியாம்! ஒன்று எப்படி இரண்டாக இருக்கும்? எழுந்து கேட்க வெட்கம். வகுப்பில் எல்லாரும் என்னைவிடச் சின்னவர்கள்.

வீட்டுக்கு வந்து அழுதேன்.

"ஒனக்கு எதுக்கு புள்ள இந்தக் கஷ்டம், விட்டுடு" என்றார் கணவர், படுத்தபடியே. பாசமாகத்தான் சொன்னார். எனக்கு இன்னும் அழுகை வந்தது.

மறுநாள் விடியுமுன் பஜ்ர் தொழுதுவிட்டுக் கையேந்தினேன். "யா அல்லாஹ், எனக்குப் புரியல. நீதான் புரிய வைக்கணும்." வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. எழுந்தபோதும் அதே குழப்பம்தான். துஆ ஏற்கப்பட்டதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

அன்று வகுப்பு முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது, ஒன்று எப்படி இரண்டாகும் என்று என்னையும் அறியாமல் செல்வியிடம் கேட்டுவிட்டேன். தலத்தெருப் பெண். அவளும் கணக்கில் தவறி வந்தவள்தான்.

"அக்கா, ஒங்க வீட்ல எத்தன பேரு?" என்றாள்.

"மூணு பேரும்மா."

"பெரியவங்க யாரு?"

"எங்க மாமி."

"ஒரே வீடுதான். ஆள எண்ணுனா மூணு. பெரியவங்களக் கேட்டா மாமி. இதுவும் அப்படித்தாங்க்கா. உறுப்ப எண்ணுனா ஈருறுப்பு. பெரிய அடுக்கு எதுன்னு பாத்தா முப்படி."

அங்கேயே நின்றேன். இரண்டு கேள்விகள், இரண்டு பதில்கள். அவ்வளவுதானா? கண் கலங்கிவிட்டது. செல்வி பயந்துபோய், "தப்பா சொல்லிட்டேனாக்கா?" என்றாள்.

அல்ஹம்துலில்லாஹ், தேறிவிட்டேன். முடிவைத் தன் போனில் பார்த்த கணவர், "பாஸுன்னுதான் புள்ள போட்டுருக்கு" என்று மறுபடி மறுபடி வாசித்தார். இப்போது அங்கன்வாடிக்குப் போகிறேன்.

எல்லாம் விளங்கிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வெறும் ஐந்துக்குப் படி பூச்சியமாம். பூச்சியத்துக்கோ படியே சொல்ல முடியாதாம். ஏன் என்று இன்றும் விழிக்கிறேன். ஆனால் இப்போது பயமில்லை, கேட்கிறேன்.

குழம்பி நிற்கும் என் சகோதரிகளே, புரியவில்லை என்று நம்மைப் படைத்த ரப்பிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, பக்கத்தில் நிற்பவரிடமும் கேளுங்கள். அவன் பதிலை யாரிடம் கொடுத்து வைத்திருக்கிறானோ, நமக்கென்ன தெரியும்?