பத்தொன்பதாவது மேசை

மோ சூலானுக்குக் காது கூர்மை. முப்பது வருடம் நூற்பாலையில் நின்றவள். நானூறு கதிர்கள் ஒன்றாக இரையும்போது எந்தக் கதிரில் நூல் அறுந்தது என்பதைத் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். ஆலை மூடி, அந்தக் காதுக்கு வேலையில்லாமல் போன ஆறாவது வருடம், அதே ஆலையின் பழைய பஞ்சுக் கிடங்கில் லெங் பிங்வென் ஆயிரத்து நூறு ஹார்ட் டிஸ்க்குகளை அடுக்கினான். சாகப்போகிற டிஸ்க் நகத்தால் பலகையைத் தட்டுவதுபோல முன்கூட்டியே சத்தம் கொடுக்கும். அதைக் கேட்டு மாற்றிப்போட ஆள் தேவை என்று சொன்னார்கள். சூலான் போய் நின்றாள்.

ஜிகொங் ஊரில் அவளைத் தெரிந்தவர்கள் எல்லாரும் முகம் சுளித்தார்கள். லெங்தான் அவள் புருஷனைத் தின்றவன்.

புருஷன் தெங் ஷூபிங் அதே ஆலையின் சாயப் பிரிவில் கொதிகலன் ஆள். இரண்டாயிரத்து நான்காம் வருடம் அது வெடித்து இரண்டு பெண்கள் வெந்துபோனார்கள். அப்போது பிரிவுத் தலைவன் லெங். மூன்றாம் நாள் ஆலை வாசலில் சிவப்பு முத்திரையோடு ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள்: கொதிகலன் ஆள் வேலை நேரத்தில் தூங்கிவிட்டான். அரை மணிக்கு ஒருமுறை அழுத்தத்தைக் குறித்துவைத்த பணிப்புத்தகம் எனக்குச் சாட்சி சொல்லும் என்று தெங் மன்றாடினான். புத்தகம் விபத்திலேயே எரிந்துவிட்டது என்றான் லெங். இருந்தது ஒரே பிரதி. தெங் மூன்று வருடம் சிறையில் இருந்து வந்தான். அதன்பிறகு டீக்கடையிலும் மாஜோங் ஆடுகிற மேசையிலும் அவனுக்குப் பெயர் 'தூங்குமூஞ்சி தெங்'. அந்தப் பெயரோடுதான் எட்டாவது வருடம் செத்தான்.

தெங்கின் அண்ணன் மனைவி சந்தையில் வைத்தே கேட்டாள், "அவன் கையால சம்பளம் வாங்கித் திங்க உனக்குக் கூசலையாடி?"

"கழுத்து எங்க இருக்குன்னு பக்கத்துல போனாத்தான அக்கா தெரியும்" என்றாள் சூலான்.

வேலையைப் புரிந்துகொள்ள அவளுக்கு இரண்டு மாதம் பிடித்தது. யார் யாரோ தங்கள் கோப்புகளைக் காப்பில் வைக்கிறார்கள். காப்பது ஒரே கம்பெனி இல்லை. உலகம் முழுக்க இதுபோல ஆயிரக்கணக்கான கிடங்குகள். எந்தக் கிடங்கு எதை என்றைக்கு வாங்கிவைத்தது என்பது பிளாக்செயின் என்கிற சங்கிலியில் ஏறிவிடும். அது எல்லார் கையிலும் பிரதி இருக்கிற பேரேடு. ஒருத்தன் கையில் உள்ளதைக் கிழித்தால் மற்றவர்களிடம் இருப்பது அப்படியே நிற்கும். தினமும் ஒரு நேரம் வைத்து ஒவ்வொரு டிஸ்க்கையும் சங்கிலி கேள்வி கேட்கும்: நீ வைத்திருப்பதாகச் சொன்னதில் இந்த இடத்தைக் காட்டு. அரை மணிக்குள் பதில் போகவேண்டும். போகாவிட்டால் அபராதம். தொடர்ந்து பதினான்கு நாள் போகாவிட்டால் அதற்காகக் கட்டிய பிணைப்பணம் எரிந்துவிடும், திரும்ப வராது. லெங் தன் மாமனார் வீட்டார் எல்லாரையும் பேசிக் கரைத்துப் பணம் வாங்கிப் பதினெட்டு மாதத்துக்குப் பிணை கட்டியிருந்தான்.

முதலில் அவளுக்குத் தோன்றியது எளிய வழி. திருப்புளியைக் கையில் எடுத்து இரண்டாம் அடுக்கின் முன்னால் நின்றாள். நான்கு திருகு கழற்றினால் போதும். நின்றவளுக்கு வாசலில் ஒட்டப்போகும் அறிவிப்பு கண்ணில் தெரிந்தது: மோ சூலான் வேலை நேரத்தில் தூங்கிவிட்டாள். புருஷனுக்கு ஏற்ற பெண்டாட்டி என்று ஊர் சிரிக்கும். திருப்புளியைப் பெட்டியில் வைத்துவிட்டுத் தரையைப் பெருக்கப் போனாள்.

வெறும் குப்பையால் டிஸ்க்கை நிரப்பி வைத்திருப்பவனைவிட, மக்களின் உண்மையான கோப்பை வைத்திருப்பவனுக்குச் சங்கிலி பத்து மடங்கு மதிப்புக் கொடுக்கும். லெங், ஆற்று நீர்மட்டக் கேமராப் பதிவுகளைக் காப்பதாக எழுதிக் கொடுத்து அந்த மதிப்பை வாங்கியிருந்தான். அப்படி ஒரு பதிவு அவனிடம் கிடையாது. நிரலெழுதும் பாங், ஏதாவது பெரிய வீடியோ வேண்டும் என்று கேட்டான். வீட்டில் கிடந்த ஒரு டிஸ்க்கைக் கொண்டுவந்து லெங் போட்டான். பாங் அதைத் துண்டு போட்டு, தலையையும் வாலையும் கொஞ்சம் மாற்றி, ஆற்றின் பெயரை ஒட்டி, பல்லாயிரம் கோப்புகளாக்கி எல்லா அடுக்கிலும் நிரப்பினான்.

வெள்ளிக்கிழமைதோறும் ஏதாவது ஒரு கோப்பை வெளியே எடுத்து, திறக்கிறதா என்று பார்ப்பதும் சூலானின் வேலை. முதல் வெள்ளியன்று திறந்தாள். ஆற்றைக் காணவில்லை. சிவப்பு விரிப்பு போட்ட மேசைகளும், கோட்டுப் போட்ட மாப்பிள்ளையும், கையில் கோப்பையோடு லெங்கும் இருந்தார்கள்.

பாங் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "அதுவும் ஒரு வெள்ளந்தான் அக்கா. முதலாளி மகன் கல்யாணத்துல ஓடின சாராய வெள்ளம்."

நான்கு கேமரா, ஒவ்வொன்றிலும் ஐந்து மணி நேரம், வெட்டாத பதிவு. எடுத்த கேமராக்காரன்கூட அதை முழுதாகப் பார்த்திருக்கமாட்டான். சூலான் பார்த்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், சோற்றுப் பெட்டியை மடியில் வைத்து, மிளகாயில் வதக்கி ஆறவைத்த முயல் கறியை மென்றுகொண்டே பார்த்தாள். அந்த ஆள் சிரிப்பதைப் பார்க்கப் பார்க்கத்தான் அவளுக்குச் சோறு இறங்கியது. பகை ஆறிவிடாமல் தினம் அதற்கும் ஒரு பிடி போட்டமாதிரி இருந்தது.

ஐந்தாவது வாரம் பத்தொன்பதாவது மேசை வந்தது. பழைய ஆலை ஆட்களின் மேசை. கேமராக்காரன் கேமராவைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தான். அது ஓடிக்கொண்டே இருந்தது. யாரோ கொதிகலன் பேச்சை எடுத்தார்கள். லெங் மேசையில் கையூன்றிக் குனிந்தான்.

"அழுத்தம் மீறினா ஆவியைத் திறந்துவிடற வால்வை எழவிடாம கம்பியை மாட்டினது யாரு? இந்தக் கைதான். அந்தத் தெங் ரெண்டு தடவை ஏணி ஏறி எடுத்தான், ரெண்டு தடவையும் நான் திருப்பி மாட்டினேன். நோட்டுல எழுதிட்டேன்னான். எழுதினா? இருந்தது ஒரே நோட்டு. அடுப்புல போட்டேன், சுருண்டுபோச்சு. அன்னைக்கு நான் அகப்பட்டிருந்தா இன்னைக்கு இந்தக் கல்யாணம் ஏது? குடிங்கடா."

மேசையே சிரித்தது.

சூலான் பெட்டியை மூடிவைத்தாள். எழுந்து ஏழாம் அடுக்கில் தட்டிக்கொண்டிருந்த ஒரு டிஸ்க்கை மாற்றினாள்.

அன்றிலிருந்து அவளைப்போல ஒரு வேலைக்காரி அந்தக் கிடங்குக்கு வாய்த்ததில்லை. ஒரு டிஸ்க் முனகினால் ஓடினாள். கோடை வெக்கையில் குளிர்காற்று இயந்திரம் நின்றபோது ஈரத்துணி கட்டிக்கொண்டு அடுக்குகளுக்கு நடுவே விசிறிகளை நிறுத்தினாள். வருட முடிவில் லெங் தன் கையாலேயே அவளுக்குச் சிறந்த ஊழியர் சான்றிதழும் ஒரு சுடுநீர்க் குடுவையும் கொடுத்தான். கடைசி அடுக்கும் நிரம்பி, அதன் பிணையிலும் பூட்டு விழட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

பூட்டு விழுந்த மறுநாள், பழைய ஆலைத் தொழிலாளர் நூற்று நாற்பது பேர் இருக்கும் கைப்பேசிக் குழுவில் ஒரு வரி போட்டாள். வீடியோவைப் போடவில்லை. போட்டால் அழித்துவிடுவார்கள்; அவளே ஜோடித்தது என்றும் சொல்வார்கள். கோப்பின் முகவரியை மட்டும் போட்டாள். சங்கிலியில் உள்ள அந்த நீண்ட எழுத்துக் கோவையை வைத்து யாரும் அதைக் கேட்டு வாங்கலாம். லெங்கின் கிடங்கு, கையெழுத்துக்குச் சமமான லெங்கின் மின்சாவி, இன்ன தேதியில் வைத்தான், அதுமுதல் தினமும் 'என்னிடம் பத்திரமாக இருக்கிறது' என்று சாட்சி சொல்லிவருகிறான் என்பதெல்லாம் கூடவே வரும். கீழே எழுதினாள்: நாற்பத்தோராவது நிமிடம்.

மறுநாள் காலை லெங் கிடங்குக்குள் வந்தபோது சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"எந்த டிஸ்க்ல இருக்கு அது?"

"எல்லாத்துலயும் இருக்கு முதலாளி. நீங்கதான நிரப்பச் சொன்னீங்க."

"பிடுங்கு எல்லாத்தையும்."

"பிடுங்கலாம். பதினாலாம் நாள் பிணை எரிஞ்சிடும். உங்க மாமனார் வீட்டுக்கு நீங்க பதில் சொல்லிக்கணும். வாங்கிப் பார்த்தவங்க கையில இருக்கறது அப்பவும் போகாது." ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினாள். "பிடுங்கச் சொல்லி எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க. இல்லாட்டி நாளைக்கு நான் தூங்கிட்டேன்னு வாசல்ல ஒட்டுவீங்க."

லெங் தாளைத் தொடவில்லை. அன்று மாலை அவளுக்கு மேற்பார்வையாளர் பதவி தருவதாகச் சொல்லி அனுப்பினான். மறுநாள் வீடு தருவதாக. மூன்றாம் நாள் தானே வந்து, அதுவரை 'ஏ சூலான்' என்றே கூப்பிட்டவன், "மதினி, என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்றான்.

"அறிவிப்பு" என்றாள். "அதே வாசல். அதே அளவு."

அவன் எழுதிவந்த முதல் தாளில் 'நிர்வாகக் கவனக்குறைவு' என்று இருந்தது. அவள் வாசித்துவிட்டு, "பேரு வரலையே" என்று திருப்பிக் கொடுத்தாள். இரண்டாவதில் பெயர் வந்தது, கம்பி வரவில்லை. மூன்றாவதில் கம்பி, ஏணி, அடுப்பு எல்லாம் வந்தன. ஆலை முத்திரை இப்போது இல்லாததால் சிவப்பு மையில் தன் கட்டைவிரலை வைத்தான். கதவில்லாத வாசல் தூணில், பழைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவனே பசை தடவி ஒட்டினான். சூலான் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தாள். அண்ணன் மனைவி பக்கத்தில் நின்று அழுதாள். சூலானுக்கு அழுகை வரவில்லை.

கூட்டம் கலைந்ததும் லெங் மெல்லக் கேட்டான், "இதோட முடிஞ்சுது இல்ல மதினி? நீங்க ஒரு வார்த்தை சொன்னா குழுவுல எல்லாரும் அழிச்சிடுவாங்க. சும்மா வேலையை மட்டும் பாருங்க."

"என் ஆளு அந்தப் பேரை எட்டு வருஷம் கேட்டாரு முதலாளி. உங்களுக்குப் பதினெட்டு மாசந்தான்."

அவன் அவளை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. நிறுத்த முடியாது, டிஸ்க்கின் முனகலைக் கேட்கிற காது வேறு யாருக்கும் இல்லை. இப்போதெல்லாம் தினமும் பிற்பகல் இரண்டு மணிக்கு லெங்கே திரை முன்னால் வந்து உட்காருகிறான். தன் வாயால் சொன்னது ஒரு சொல்லும் கெடாமல் பத்திரமாக இருக்கிறது என்று ஆயிரத்து நூறு விளக்குகளும் பச்சையில் சொல்லும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். ஒரு விளக்கு சிவந்தால் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுகிறான்.

"மதினி, நாலாம் அடுக்கு! சீக்கிரம் வாங்க, எங்க இருக்கீங்க?"

சூலான் குடுவையை மூடி வைத்துவிட்டு, திருப்புளியை எடுத்துக்கொண்டு, அவசரப்படாமல் வருகிறாள்.

"இங்கதான் முதலாளி. நான் தூங்கல."