ரெண்டு பக்கமும் ஜிப் வைத்த சட்டை

அந்தச் சட்டையை வாங்கலாமா வேண்டாமா என்று கண்ணாடிக்காரி ரெண்டு மாதம் இழுத்தடித்தாள். ஒரு சட்டைக்கா இந்தப் பாடு என்று கேட்பீர்கள். அவள் வீட்டுக்காரரும் அதையேதான் கேட்டார். அவருக்கு ஒரு பதில் சொன்னாள், நாத்தனாருக்கு ஒரு பதில் சொன்னாள், உண்மையை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.

கண்ணாடிக்காரி என்றதும் கடை முதலாளி என்று நினைத்துவிடாதீர்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை அவளுக்கு. பத்து வருஷத்தில் ஒருத்தருடைய பவரைக்கூட இன்னொருத்தருக்கு மாற்றிப் போட்டதில்லை. கை அவ்வளவு சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம். பெண் குழந்தை பிறந்து நாலு மாதம் முடிந்ததும் வேலைக்குத் திரும்பினாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்காரரின் தங்கை வந்தாள். வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள், அடுத்த வேலைக்குக் கடிதம் வரவேண்டியிருந்தது, அதுவரை சும்மாதானே இருக்கிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு தானாக வந்தவள். ஒரு இடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சிட்டு என்றுதான் பெயர்.

ஏற்பாடு ஒன்றும் கஷ்டமில்லை. காலையில் கண்ணாடிக்காரி பால் கொடுத்துவிட்டுக் கிளம்புவாள். மதியம் கடையில் பம்ப் வைத்துப் பால் எடுத்து, கண் சொட்டுமருந்து வைக்கிற ஃபிரிட்ஜில் ஒரு ஓரமாக வைத்து, சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவருவாள். மறுநாள் பகலில் சிட்டு அதை வெந்நீரில் வைத்துச் சூடாக்கிப் பாட்டிலில் ஊட்டுவாள்.

பால் எடுக்கக் கிடைத்த இடம் கண் பரிசோதனை அறை. ஜன்னல் கிடையாது, கதவுக்குத் தாழ்ப்பாளும் கிடையாது. எதிர்ச்சுவரில் கண் பார்க்கிற எழுத்துப் பலகை, பெரிய எழுத்திலிருந்து பொடி எழுத்துவரை விளக்குப் போட்டு எரியும். கடை யூனிஃபார்ம் கழுத்துவரை மூடி, முதுகில் ஜிப் வைத்தது. அதை முழுசாகக் கழட்டினால்தான் காரியம் நடக்கும். கழட்டிவிட்டு, துண்டைப் போர்த்தி, ஒரு காலால் நாற்காலியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, ரெண்டு கையாலும் பம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கண் பரிசோதிக்கிற அம்மா வெளியிலிருந்து, "முடிஞ்சுதா? ஒரு பெரியவர் ரொம்ப நேரமா உக்காந்திருக்கார்," என்பார். அந்தக் குரல் கேட்டதும் பால் நின்றுவிடும். முதல் வாரம் பாதி பாட்டில்கூடத் தேறவில்லை. வீட்டில் வந்து யூனிஃபார்மைத் திட்டித் தீர்த்தாள். ரெண்டாவது வாரம் உடம்புக்கு அந்த அறை பழகிவிட்டது. யார் தட்டினாலும் பாட்டில் கழுத்துவரை நிறைந்தது.

நிறைந்த பாட்டிலைச் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

மறுநாள் சாயங்காலம் கதவைத் திறக்கும்போதே உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். குழந்தை சத்தம் போட்டுச் சிரித்து அவள் அதுவரை கேட்டதே இல்லை. "அண்ணி, வாங்க வாங்க! மத்தியானத்துலேருந்து இப்படித்தான் சிரிக்கிறா. முதல் தடவை. வீடியோ எடுத்து அனுப்பினேனே, பார்க்கலையா?" என்றாள் சிட்டு. கண்ணாடிக்காரி பையைக்கூடக் கீழே வைக்காமல் கையை நீட்டினாள். குழந்தை அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிட்டுவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"வயிறு ரொம்பியிருக்கு அண்ணி, அதான் வரமாட்டேங்கிறா. முழு பாட்டிலும் காலி," என்றாள் சிட்டு, வெள்ளை மனசோடு.

கண்ணாடிக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவள் நான், பாலும் என் பால், சிரிப்பு மட்டும் அவளுக்கா? குழந்தைக்குக் குண்டு என்று செல்லப்பெயர் வைத்தது சிட்டு. குளிக்க வைக்கிறபோது பாட ஒரு பாட்டுக் கட்டியதும் சிட்டு. அன்றைக்குக் குழந்தையைப் பிடுங்காத குறையாக வாங்கித் தலையை முகர்ந்தால், அதிலும் சிட்டுவின் முகப்பவுடர் வாசனை. வயிறு எரியாமல் என்ன செய்யும்? நல்லவளாக இருக்கிறாளே, ஒரு குறை சொல்ல வழியில்லையே என்பதுதான் அவளுக்கு இன்னும் பெரிய எரிச்சல்.

மறுநாள் மதியம் பரிசோதனை அறையிலிருந்து வந்தவள் ஃபிரிட்ஜுக்குப் போகவில்லை. கை கழுவுகிற வாஷ்பேசினுக்குப் போனாள். நிறைந்த பாட்டிலில் பாதியை ஊற்றிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள். அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் அவள் வாசலில் செருப்பைக் கழட்டுவதற்குள் குழந்தை வீல் என்று கத்திக்கொண்டு அவள்மேல் பாய்ந்தது. யூனிஃபார்மைக் கழட்டும்வரைகூடப் பொறுக்கவில்லை. மூச்சுமுட்டக் குடித்தது. சிட்டு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரிக்கு அப்பாடா என்றிருந்தது.

அப்புறம் தினமும் அதே கதைதான். ராத்திரியும் காலையும் நான் வயிறு நிறையக் கொடுக்கிறேனே, பகலில் கொஞ்சம் குறைந்தால் குடியா முழுகிவிடும் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள்.

வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர்காரர். எது நின்றாலும் ஓடவைக்க ஒரு பாகம் வாங்கிப் போட்டால் போதும் என்று நம்புகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோனை நீட்டினார். "இங்க பாரு, பால் குடுக்கிறவங்களுக்குன்னே சட்டை வருது. ரெண்டு பக்கமும் மறைவா ஜிப். உள்ள ஒரு பனியன், பம்பைச் சொருகிட்டா அதுவே பிடிச்சுக்கும். ரெண்டு கையும் ஃப்ரீ."

படத்தில் ஒருத்தி ரெண்டு பம்பைச் சொருகிக்கொண்டு காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

"இவளுக்கென்ன, சிரிப்பா. படம் பிடிக்கத்தானே வந்திருக்கா," என்றாள் கண்ணாடிக்காரி. "குழந்தை இன்னும் ஆறு மாசம் குடிக்குமா? அப்புறம் இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, தரை துடைக்கிறதா? என்கிட்ட இருக்கிற பட்டன் வெச்ச சட்டை போதும்."

"கடையில யூனிஃபார்ம்தானே போடணும்?"

"அதேதான் நானும் சொல்றேன். கடையில போட விடாத சட்டை எனக்கு எதுக்கு?"

"கேட்டுப் பாரேன். விடுவாங்க," என்றார் அவர்.

"நீங்க போய்க் கேளுங்க," என்றாள்.

சிட்டுவும் சேர்ந்துகொண்டாள். "வாங்கிக்கோங்க அண்ணி. பாவம், அந்த யூனிஃபார்மாலதானே உங்களுக்குப் பால் வரமாட்டேங்குது. இல்லன்னா ஒரு வேளைக்கு மட்டும் பவுடர் பால் கலந்து குடுக்கட்டுமா? மத்தியானம் ரொம்ப அழறா."

"பவுடர் பாலா? என் குழந்தைக்கா? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று எகிறினாள் கண்ணாடிக்காரி.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். சட்டை நல்ல சட்டைதான். தினம் பம்பும் கையுமாக அல்லாடுகிற எந்தப் பெண்ணுக்கும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொடுக்கலாம். ஆனால் அதை வாங்கிவிட்டால் யூனிஃபார்மைக் குற்றம் சொல்ல முடியாது. பாட்டில் ஏன் பாதியாக வருகிறது என்று கேட்டால் என்ன சொல்வாள்? அதனால்தான் அந்த ரெண்டு மாத யோசனை.

கடைசியில் சட்டை தானாக வீடு தேடி வந்தது. சிட்டு தன் கடைசிச் சம்பளத்தில் மிச்சம் வைத்திருந்ததை எடுத்து, ஒன்றுக்கு ரெண்டாக வாங்கிவிட்டாள். யூனிஃபார்ம் நிறத்தையே தேடிப் பிடித்திருந்தாள். கண் பரிசோதிக்கிற அம்மாவுக்கு ஃபோன் போட்டு அனுமதியும் வாங்கியிருந்தாள். "போட்டுப் பாருங்க அண்ணி! இனிமே குண்டுவுக்குக் கவலையே இல்ல!" என்று குதித்தாள். கண்ணாடிக்காரி சட்டையைத் தடவிப் பார்த்தாள். இதிலும் அவளே முந்திக்கொண்டாளே என்று நெஞ்சு காந்தியது. நன்றி சொல்லவேண்டிய வாயால், "அளவு சரியா இருக்குமா தெரியல," என்றாள்.

அளவு கனகச்சிதமாக இருந்தது. மறுநாள் பத்தே நிமிஷத்தில் பாட்டில் நிறைந்தது. கை ரெண்டும் சும்மா இருந்ததால் ஃபோனை எடுத்துப் பார்த்தாள். சிட்டு செய்தி அனுப்பியிருந்தாள்: "பாட்டில் காலி. இன்னும் கேட்டு அழறா. சாயங்காலம் சீக்கிரம் வாங்க அண்ணி." கண்ணாடிக்காரி அதை ரெண்டு தடவை படித்தாள். சொல்லவே கூசுகிறது, அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது. எழுந்துபோய் வழக்கம்போல் வாஷ்பேசினில் ஊற்றினாள். பாதி பாட்டிலோடு வீட்டுக்குப் போய், "சட்டையில ஒண்ணும் இல்ல சிட்டு. எனக்குச் சுரப்பே கம்மி போல," என்றாள். சிட்டுவின் முகம் வாடிப்போனது.

அந்த வாரக் கடைசியில் குழந்தைக்கு எடை பார்க்கிற நாள். ரெண்டு பேருமாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். நர்ஸ் குழந்தையைத் தராசில் படுக்கவைத்து, இறக்கி, மறுபடி படுக்கவைத்தார். அட்டையைப் புரட்டினார்.

"நாலு மாசத்துல இருந்த எடைதான் கிட்டத்தட்ட இப்பவும் இருக்கு. பகல்ல யாரு ஊட்டறது?"

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சிட்டு கையைத் தூக்கினாள். "நான்தான் சிஸ்டர்."

"பாட்டிலை எப்படிப் பிடிக்கிறீங்க? காத்து போகுதா? குடிக்கக் குடிக்கத் தூங்க விட்டுடறீங்களா?"

"இல்ல சிஸ்டர்... விடறதில்ல... தெரியல," என்றாள் சிட்டு. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "என் கையிலதான் ஏதோ கோளாறு. குளிக்க வைக்கிறப்ப விலா எலும்பு தெரியும். சொன்னா அண்ணி பயந்துடுவாங்கன்னு சொல்லல."

கண்ணாடிக்காரி அட்டையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள். விலா எலும்பு அவள் கண்ணில் படவே இல்லை. அவள் பார்த்ததெல்லாம் குழந்தை தன்மேல் பாய்கிற அந்த வேகத்தைத்தான்.

"சரி, தாய்ப்பாலை இப்ப என் முன்னாடி குடுங்க. பார்க்கலாம்," என்றார் நர்ஸ்.

சிட்டு வாங்கிக்கொடுத்த சட்டையைத்தான் அன்றைக்கும் போட்டிருந்தாள். ஜிப்பை இழுத்தாள். குழந்தை வாய் வைத்ததும் பால் பீய்ச்சிக்கொண்டு வந்து அதற்குப் புரையேறியது. மூக்கு, கன்னம், சட்டையெல்லாம் பால். நர்ஸ் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே, "இவ்வளவு பால் வருதேம்மா! அப்புறம் பகல்ல ஏன் பத்தல?" என்றார்.

சிட்டு அண்ணியைப் பார்த்தாள். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. பதில் தெரியவேண்டுமே என்று பார்த்தாள்.

பொய் சொல்ல இன்னும் ஒரு வழி இருந்தது. பாட்டிலை நீ சரியாகச் சூடாக்கவில்லையோ என்று ஒரு வார்த்தை போதும், அந்தப் பெண் ஆமாம் என்று ஒத்துக்கொண்டிருப்பாள். கண்ணாடிக்காரிக்கு நாக்கு நுனிவரை வந்தது. குழந்தை மறுபடி வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது, அதன் விலாவில் அவள் விரல் பட்டது.

"நான்தான் பாதியை ஊத்திட்டேன்," என்றாள். "கடையில. தினமும்."

"ஊத்திட்டியா?" என்றார் நர்ஸ்.

"வாஷ்பேசின்ல. வயிறு ரொம்பியிருந்தா என்கிட்ட வரமாட்டேங்கிறா. இவகிட்டயே சிரிக்கிறா. எனக்குத் தாங்கல."

நர்ஸ் அட்டையில் எழுத ஆரம்பித்தார்.

"எத்தனை நாளா அண்ணி?"

"ரெண்டு மாசமா."

"ரெண்டு மாசமும் அவ அழுதாளே," என்றாள் சிட்டு. "தூக்கிக்கிட்டு வீடு பூரா நடப்பேன். விரலைச் சப்பக் குடுப்பேன். எனக்குக் குழந்தை பார்த்துக்கவே தெரியலன்னு நினைச்சுக்கிட்டேன்."

குழந்தை குடித்து முடித்தது. வயிறு புடைத்துக்கொண்டு நின்றது. தலையைத் திருப்பிச் சிட்டுவைப் பார்த்ததும் அதன் முகம் மலர்ந்தது. வாயோரம் பால் வழிய, சத்தம் போட்டுச் சிரித்து, ரெண்டு கையையும் அவளிடம் நீட்டியது.

"இந்தா சிட்டு, வாங்கிக்கோ," என்றாள் கண்ணாடிக்காரி. அதுவரை ஒருநாளும் அவள் தானாகக் குழந்தையை நீட்டியதில்லை.

சிட்டு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம் அண்ணி," என்றாள். "உங்ககிட்டயே இருக்கட்டும்."