டேப் ஒரு தடவைதான் ஓடும்

இங்கிலீஷ் காதில் விழுகிறதா என்று சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் தங்கள் ஊர் நோயாளியைத் தொட விடுவோம் என்று வெளிநாட்டுக்காரர்கள் ஒரு பரீட்சை வைத்தார்களே, அதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். நான் அதை இரண்டு தடவை எழுதி, இரண்டாவது தடவை தேறியவள். அப்போது பந்தலூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். ஊசி போடுவேன், பிரசவம் பார்ப்பேன், அட்டை கடித்துச் சீழ் வைத்த காலைக் கழுவிக் கட்டுவேன், டாக்டர் வராத நாளில் டாக்டர் வேலையும் பார்ப்பேன். டாக்டர் வந்த நாள்தான் குறைவு. இதில் ஒன்றைப் பற்றிக்கூட அந்தப் பரீட்சையில் ஒரு கேள்வி வரவில்லை.

தேயிலை விலை விழுந்து கிடந்த வருஷங்கள் அவை. மஞ்சூர்ப் பக்கம் சிறு தோட்டக்காரர்கள் கொழுந்தைப் பறிப்பதே தண்டம் என்று செடியிலேயே விட்டுவிட்டார்கள். பக்கத்து எஸ்டேட்டில் பேக்டரியைப் பூட்டினார்கள். எங்கள் எஸ்டேட்டில் முதலில் ஆம்புலன்ஸ் நின்றது, பிறகு மருந்து வருவது நின்றது. அடுத்து ஆஸ்பத்திரி, அதற்கடுத்து நான் என்று தெரிந்துகொள்ள யாரும் எனக்கு வகுப்பு எடுக்க வேண்டியிருக்கவில்லை.

என் வேலை போனால் போகட்டும், வீடு போய்விடும் என்பதுதான் என் பயம். அம்மா சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து இந்த மலையில் கொழுந்து பறித்தவள். அந்த வருஷத்தோடு அவளுக்கு ஓய்வு. குடும்பத்தில் ஒருவராவது எஸ்டேட் வேலையில் இருந்தால்தான் லயத்தில், எஸ்டேட் கட்டிவிட்ட அந்த வரிசை வீடுகளில், இடம் உண்டு. அம்மாவும் நானும் ஒன்றாக வேலையிலிருந்து நின்றுவிட்டால் அந்த ஒற்றை அறையும் புகை படிந்த அடுப்படியும் எங்களுக்குக் கிடையாது. அங்கே இருந்தபோது இந்தியாக்காரி என்றார்கள், இங்கே வந்தபின் சிலோன்காரி என்கிறார்கள். போய் இறங்க அவளுக்கு வேறு ஊர் இல்லை. நான் தேறி வெளிநாடு போய்ச் சம்பாதித்து அவளுக்கு ஒரு வாடகை வீடு பிடிக்க வேண்டும், அதுவரை லயத்தை விட்டு அவளைக் கிளப்பாமல் இருக்க வேண்டும். எனக்கு இங்கிலீஷ் மேல் வந்த காதலெல்லாம் இவ்வளவுதான்.

எங்கள் எஸ்டேட்டில் இங்கிலீஷ் ஒரே ஆளின் சொத்தாக இருந்தது. அவர்தான் கண்டக்டர். பஸ் கண்டக்டர் இல்லை, தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் உத்தியோகஸ்தர். அம்மா வாயில் அவர் கண்டாக்கையா. காலையில் ஆட்களைக் கூட்டி நிறுத்தும் களத்தில் துரை, அதாவது எஸ்டேட் மேனேஜர், இங்கிலீஷில் பேசுவார். கண்டக்டர் அதைத் தமிழில் திருப்பிச் சொல்வார். துரைகள் வருவார்கள், போவார்கள். வடக்கே எங்கெங்கிருந்தோ வந்த ஒருவருக்கும் தமிழ் வந்ததில்லை, வரவேண்டும் என்று அவர்கள் கவலைப்பட்டதும் இல்லை. துரை பேசுகிற நேரம் எங்களுக்கு இடைவேளை. பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கை இறுக்கிக் கட்டுவார்கள், வெற்றிலை மடிப்பார்கள். துரை நிறுத்தியதும் எல்லாத் தலையும் கண்டக்டர் பக்கம் திரும்பும். பிறந்ததிலிருந்து நானும் அப்படித்தான் திரும்பினேன்.

அந்த மகானுபாவர்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் குவார்ட்டர்ஸில் பரீட்சைக்கு வகுப்பு எடுத்தார். சுற்றுப்பட்ட எஸ்டேட் நர்சுகள் நாலு பேர் போனோம். ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு மேல் மப்ளர், கையில் எப்போதும் ஒரு குடை. வாயைத் திறந்தால் "ஆக்சுவலி." டேப் ரெக்கார்டருக்குப் பூப்போட்ட துணி உறை தைத்துப் போட்டிருந்தார். அதை அவர் கழற்றுகிற பந்தாவைப் பார்த்தால், உள்ளே இருந்து சாமி சிலைதான் வரும் என்று நினைப்பீர்கள்.

பாடம் நடத்துவது இப்படி. பொத்தானை அமுக்குவார், டேப்பில் யாரோ ஒரு வெள்ளைக்காரி ஒரு வாக்கியம் சொல்வாள். உடனே கட்டைவிரலால் அமுக்கி நிறுத்துவார்.

"ஆக்சுவலி சிஸ்டர், இந்தம்மா என்ன சொல்றாங்கன்னா, கடலோரமா ஒரு ஊடு வாடகைக்கு வேணும்ங்கறாங்க. நாயும் கூட வருமாம்ங்க."

நாங்கள் விடைத்தாளில் நாய் என்று எழுதுவோம். மறுபடி ஒரு வாக்கியம், மறுபடி கட்டைவிரல், மறுபடி ஆக்சுவலி. அவருக்கு எதிரே புத்தகத்தின் பின்பக்கம் விடையோடு விரிந்து கிடக்கும். எல்லோருக்கும் எல்லா விடையும் சரி. "பாருங்க, நம்ம புள்ளைங்க அந்தக் கோட்டயத்து நர்சுங்களைத் தூக்கிச் சாப்பிட்டுரும்" என்று தன் முதுகில் தானே தட்டிக்கொள்வார். நாங்களும் வெட்கமில்லாமல் பூரித்தோம்.

அந்த டேப்பில் பேசுகிறவர்களின் கஷ்டங்களைக் கேட்டால் வயிறு எரியும். ஒருத்திக்கு நீச்சல் குளத்தில் சேர வேண்டும், ஆனால் செவ்வாய்க்கிழமை தோதுப்படாது. ஒருவனுக்கு லைப்ரரிக் கார்டு தொலைந்துவிட்டது. தண்ணீர்க் குழாயில் காலையில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று குடம் பிடித்துவிட்டு வந்து, அந்தச் சீமாட்டியின் செவ்வாய்க்கிழமைக்காக நான் பென்சில் சீவினேன்.

படிக்கிற பகுதி இன்னும் லட்சணம். ஒரு நாள் பத்தி பத்தியாகத் தேநீரைப் பற்றியே வந்தது. பிரபு வீட்டம்மா எந்தக் கோப்பையில் குடித்தாள், பாலை முதலில் ஊற்றுவதா கடைசியில் ஊற்றுவதா என்று எவனோ எழுதித் தள்ளியிருந்தான். அதைப் பறித்தது யார் என்று ஒரு வரி கிடையாது. தானே செடியிலிருந்து நடந்துபோய்க் கோப்பையில் விழுந்துவிட்டது போல. ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று விடை கொடுத்திருப்பார்கள்: உண்மை, பொய், சொல்லப்படவில்லை. பொய்க்கும் சொல்லப்படவில்லைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன்.

"சொல்லலைன்னா பொய்தானுங்களே. ரெண்டும் ஒண்ணுதான், எதையாச்சும் போடுங்க" என்றார் கண்டக்டர்.

பரீட்சை கோயம்புத்தூரில். கூடலூர், ஊட்டி என்று பஸ் மாறி, வளைவுக்கு வளைவு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு, வெளிறிய முகத்தோடு போய் இறங்கினோம். ஏதோ ஓட்டலின் கல்யாண மண்டபம் மாதிரி ஒரு ஹால். டேப் ஒரு தடவைதான் ஓடும் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். எங்கள் நாலு பேருக்கும் அது நன்றாகப் புரிந்தது.

முதல் ஆள் பேசினான், உடற்பயிற்சி நிலையத்தில் சேர வேண்டுமாம். முதல் வாக்கியம் முடிந்தது. நாங்கள் நாலு பேரும் பென்சிலைத் தூக்கிக்கொண்டு தலையை நிமிர்த்தி எதிரே பார்த்தோம். எதிரே கண்காணிப்பாளர் அம்மா ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். அவர் ஏன் எங்களுக்கு அதைத் திருப்பிச் சொல்லப் போகிறார், பாவம். டேப் பாட்டுக்கு ஓடியது. முகவரி போனது, டெலிபோன் நம்பர் போனது. கோட்டயத்துக்காரிகள் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் நர்சிங் முழுவதையும் இங்கிலீஷில் படித்தவள். எனக்கு அந்த ஆள் பேசியது புரியாமல் இல்லை. இன்னொருவர் வந்து சொல்கிறவரை அது நான் கேட்டதாகக் கணக்கில்லை என்று என் உடம்பில் ஊறிப்போயிருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

படிக்கிற பகுதியில் தேறினேன், கேட்கிற பகுதியில் தோற்றேன். மற்ற மூவரும் அதே கதிதான். கண்டக்டர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"ஆக்சுவலி, கோயமுத்தூர்ல வோல்டேஜ் கம்மிங்க. டேப்பு இழுத்திருக்கும்."

அதோடு வகுப்புக்கு முழுக்குப் போட்டேன். அப்பா விட்டுப்போன பழைய ரேடியோவைத் தட்டி எடுத்து, கிடைத்த இங்கிலீஷ் செய்தியை வைப்பேன். ஒரு செய்தி முடிந்ததும் நிறுத்திவிட்டு, அம்மாவிடம் தமிழில் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே கேட்பாள்.

"என்னா புள்ள சொல்றான்?"

"எங்கயோ வெள்ளமாம்மா."

"நம்ம பக்கமா?"

"இல்ல."

"அப்ப நிப்பாட்டு. பேட்டரி போகுது."

இப்படி உலகத்து வெள்ளம், பூகம்பம், தேர்தல் எல்லாவற்றையும் அம்மாவிடம் ஒப்பித்தேன். அவள் ஒன்றையும் மதிக்கவில்லை. ஆனால் என் தலை நிமிர்கிற வியாதி கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

இரண்டாவது பரீட்சைக்குப் பணம் கட்டிக் காத்திருந்தபோது எஸ்டேட் கைமாறியது. புதுக் கம்பெனியின் துரை ஒரு காலையில் களத்துக்கு வந்தார். சின்ன வயசு, வடநாட்டுக்காரர், ஜீப்பை அணைக்கக்கூட இல்லை. பனி இறங்கிக்கொண்டிருந்தது. பழைய துரைகள் ஒரு வாக்கியம் பேசிவிட்டுக் கண்டக்டருக்காக நிறுத்துவார்கள். இவருக்கு அந்தப் பழக்கம் யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது, ஒரே மூச்சில் கடகடவென்று பேசி முடித்தார். அம்மா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். நான் துரையின் வாயைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரி மாசக் கடைசியில் மூடப்படும், தோட்டத்திலும் ஆட்களைக் குறைப்பார்கள். வேலையில் யாரும் இல்லாத குடும்பங்கள் அடுத்த மாசத்துக்குள் லயத்தைக் காலி செய்ய வேண்டும். பள்ளிக்கூட வருஷம் முடிகிறவரை இருக்க விரும்புகிறவர்கள் சனிக்கிழமைக்குள் நேரில் பெயர் கொடுத்தால் விட்டுவைப்பார்கள். அதற்குப் பிறகு வந்தால் பேச்சே கிடையாது. இவ்வளவும் எனக்கு ஒரே தடவையில் விழுந்தது. பள்ளிக்கூட வருஷம் முடிவதற்குள் என் பரீட்சை முடிந்துவிடும். மனசுக்குள் அம்மாவின் பெயரை அப்போதே கொடுத்துவிட்டேன்.

எல்லாத் தலையும் கண்டக்டர் பக்கம் திரும்பியது. அவர் குடைக் கைப்பிடியைக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஆக்சுவலி, தொரை என்ன சொல்றாருன்னா, நெலமை கொஞ்சம் கஷ்டம்தானுங்க. எல்லாரும் ஒத்துழைக்கோணும். ஒண்ணும் பயப்படாதீங்க, எல்லாம் பழையபடியே நடக்கும்."

பெண்கள் நிம்மதியாகக் கூடையைத் தூக்கினார்கள். அத்தனை வருஷமும் நான் அவரைத் தந்திரக்காரர் என்று நினைத்திருந்தேன். துரைக்கு வேண்டியதைச் சொல்லி எங்களுக்கு வேண்டியதை மறைக்கிறவர் என்று. அதற்காவது ஒரு சாமர்த்தியம் வேண்டுமே. இந்த மனிதரின் முகம் கோயம்புத்தூர் ஹாலில் எங்கள் நாலு பேருக்கும் இருந்த அதே முகம். யாராவது திருப்பிச் சொல்ல மாட்டார்களா என்று பார்க்கிற முகம். ஒன்றும் விழவில்லை, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். இதற்கு முன் எத்தனை காலை இப்படிச் சொன்னாரோ, எதையெல்லாம் நம்பி நாங்கள் மலை ஏறி இறங்கினோமோ. எனக்கு அருவருப்பாக இருந்தது.

"ஐயா, தொரை அப்படிச் சொல்லலிங்க" என்றேன்.

கூட்டத்தைப் பார்த்துத் துரை சொன்னதைச் சொன்னேன். ரேடியோச் செய்தியை அம்மாவிடம் சொல்வது போலத்தான். கூடைகள் கீழே இறங்கின. இந்த வெள்ளம் நம்ம பக்கம்தான் என்று அம்மாவுக்கும் விளங்கிவிட்டது, வெற்றிலையை மடியில் போட்டுக்கொண்டாள்.

துரை கண்டக்டரிடம் நான் என்ன பேசுகிறேன் என்று கேட்டார். அது மட்டும் அவருக்கு உடனே விழுந்தது.

"ஷீ ஈஸ் தேங்கிங் யூ, சார்."

"நோ, சார்" என்றேன். அம்மா இன்னும் சில மாசம் இருக்க வேண்டும், இவர்களும் இருக்க வேண்டும், இவர்களுக்கு நீங்கள் சொன்னது போய்ச் சேரவில்லை என்று இங்கிலீஷில் சொன்னேன். என் இங்கிலீஷ் ஒன்றும் பிரமாதமில்லை, ஆனால் துரைக்கு யாரும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் வாட்சைப் பார்த்தார். சரி, இப்போதே ஆபீசுக்கு வந்து பெயர் கொடுக்கட்டும், ஸ்டாஃப் குவார்ட்டர்ஸுக்கும் இதே விதிதான், ஃபீல்டு ஸ்டாஃப் வேலை போகிறது, அவர்களும் கொடுக்கட்டும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

பெயர் கொடுப்பதைப் பெண்களிடம் சொன்னேன். ஸ்டாஃப் பற்றிச் சொன்னதைத் தமிழில் சொல்லவில்லை. அங்கே நின்ற ஃபீல்டு ஸ்டாஃப் ஒரே ஆள், அவருக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே.

ஆபீசுக்கு நடக்கும்போது அம்மா கேட்டாள்.

"கடேசியில என்னமோ ஸ்டாப்புன்னாரே, அது என்னா?"

அவளிடம் சொன்னேன். அம்மாவின் பெயரை எழுதிக்கொண்டார்கள், பள்ளிக்கூட வருஷம் முடிகிறவரை இருக்கலாம் என்றார்கள். வெளியே வந்தால் ஆபீஸ் படிக்கட்டில் வரிசை நீண்டிருந்தது. கண்டக்டர் வரிசைக்கு வெளியே, மேற்பார்வை பார்க்கிறவர் போல நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பக்கத்தில் வந்து குரலை இறக்கினார்.

"ஆக்சுவலி சிஸ்டர், ஸ்டாஃபைப் பத்தித் தொரை என்னமோ சொன்னாருங்களே. என்னங்க அது?"

"டேப் ஒரு தடவைதானுங்க ஓடும்" என்றேன்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"ஒங்க ஊடுந்தான் போவுது, கண்டாக்கையா. தொர பேரு குடுக்கச் சொன்னாரு. போங்க, போயி நில்லுங்க."

கண்டக்டர் குடையை மடக்கிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார்.