படாளத்திலிருந்து மாமல்லபுரம்: என் பிரவுசருக்குள் யார் புகுந்தது என்று கேட்கப் போனேன்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இந்த வலைப்பூவைத் திறந்தவர்கள் முகம் சுளித்திருப்பீர்கள். கோயிலுக்குப் போகும் பேருந்து நேரம் எழுதுகிற இடத்தில் சீட்டாட்ட விளம்பரம் நின்றது. அதுவும் என் பெயரில், என் படத்தோடு. அதை நான் போடவில்லை. பெங்களூரில் இருக்கும் என் பேத்தி மோனிஷா இரண்டு நாள் போராடிக் கணக்கை மீட்டுக் கொடுத்தாள். அவர்கள் எப்படி உள்ளே வந்தார்கள் என்பது மட்டும் தெரியவில்லை.

அவளுடைய அப்பாவுக்கு, அதாவது என் மகன் சேகருக்கு, எல்லாம் தெரிந்துவிட்டதாம். "அஞ்சாங்கிளாஸ் படிச்சிட்டு உனக்கு இன்னாத்துக்கும்மா இந்த வேல? கண்டத அமுக்கியிருப்ப. ஞாயித்துக்கெழம வரேன், போன என்கிட்ட குட்த்துடு" என்றான்.

போன் போனால் இந்த எழுத்தும் போகும். ஆறு வருடமாக நானே பேருந்து ஏறி, நானே விசாரித்து, நானே எழுதியது. நான் எதையும் அமுக்கவில்லை. பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லவில்லை. செய்யாத தப்புக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்?

மோனிஷாவின் வேலையே பிரவுசரில் ஓட்டை தேடுவதுதான். புகுவதற்கு இல்லை, அடைப்பதற்கு. அந்தச் சனிக்கிழமை மாமல்லபுரம் விடுதி ஒன்றில் அதைப் பற்றிப் பேச வருவதாகச் சொன்னாள். "போன பாக்காம ஒண்ணும் சொல்ல முடியாது ஆயா. எட்த்துகினு வா" என்றாள். ஞாயிற்றுக்கு முந்தின நாள்தானே, கிளம்பிவிட்டேன்.

படாளம் கூட்டு ரோட்டில் காலை 6.10க்கு நின்றேன். 6.25க்குச் செங்கல்பட்டு பேருந்து வந்தது. டிக்கெட் 20 ரூபாய். பாலாற்றுப் பாலத்தில் லாரிகள் வரிசை கட்டியதால் 7 மணிக்குத்தான் சேர்ந்தேன். நிலையத்துக்கு எதிரே இரண்டு இட்லி, ஒரு வடை, 35 ரூபாய். சாம்பார் சுடச்சுட இருந்தது, அதற்கு மேல் புகழ எதுவும் இல்லை.

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற பேருந்தை 7.20க்கு எடுத்தார்கள். முப்பது கிலோமீட்டர், 28 ரூபாய். இடது பக்கம் உட்காருங்கள், வெயில் முகத்தில் அடிக்காது என்று எழுதலாம் என நினைத்தேன். ஆனால் காலையில் இடது பக்கம்தான் அடிக்கிறது. வலது பக்கம் உட்காருங்கள்.

எனக்கு முன் இருக்கையில் ஜன்னலோரம் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர். செங்கல்பட்டில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்தவர். 7.55க்குத் திருக்கழுக்குன்றத்தில் இறங்கிக்கொண்டார். அந்த இடத்தில் ஒரு பூக்காரம்மா உட்கார்ந்து தன் பையைப் பக்கத்தில் வைத்தாள். பேருந்து கிளம்பும் நேரம், வெள்ளைச் சட்டைக்காரர் ஓடிவந்து ஜன்னலுக்குள் கையை விட்டு, பார்க்காமலே அந்தப் பையை இழுத்தார்.

"யோவ்! இன்னாய்யா கை உள்ள வருது?"

"என் பைம்மா. வச்சிட்டு எறங்கிட்டேன். என் சீட்டு இது."

"எறங்கினப்புறம் இன்னா உன் சீட்டு? சீட்டக் கயட்டி வூட்டுக்கு எட்த்துகினு போறதுதான?"

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "அண்ணாத்த, உன் பை உன் தோள்லயே தொங்குது பாரு."

பேருந்தே சிரித்தது. அந்த மனிதர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே போனார்.

மாமல்லபுரம் 8.40. விடுதி கடலோரமாக மூன்று கிலோமீட்டர் வடக்கே. ஆட்டோக்காரர் 120 கேட்டார், 80க்கு வந்தார். வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார்.

"கல்யாணம் பக்கத்து மண்டபத்துலம்மா."

"கல்யாணத்துக்கு வரல. பிரவுசர் மீட்டிங்குக்கு வந்தேன்."

"அதுக்கு ஆன்லைன்ல பதிஞ்சிருக்கணுமே?"

போனில் வந்திருந்த அனுமதிச் சீட்டைக் காட்டினேன். நானே பதிந்தது, ஆள் வைத்து இல்லை. அவர் அதை இரண்டு முறை பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

மோனிஷா 10.30க்கு மேடை ஏறினாள். திரை முழுக்கக் கட்டம் கட்டமாகப் படம். பாதி ஆங்கிலம். ஆனாலும் தமிழில் சொன்ன பாதி எனக்குப் பிடிபட்டது. பிரவுசர் ஒரு பக்கத்தைக் காட்டும்போது போனின் நினைவகத்தில் இடம் கேட்டு வாங்குகிறது. வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஆனால் அந்தப் பழைய இடத்தின் முகவரி அதனிடம் எங்கோ ஒரு மூலையில் அழியாமல் கிடக்கிறது. மறுபடி அதே முகவரிக்குப் போகிறது. அதற்குள் அங்கே வேறு ஏதோ இருக்கிறது.

நான் கையைத் தூக்கினேன். மைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். காலையில் பேருந்தில் நடந்ததைச் சொல்லி, "இதானம்மா அது?" என்று கேட்டேன்.

அவள் படத்தை அப்படியே விட்டுவிட்டாள். "அதேதான் ஆயா. ஆனா திருடன் அங்க இன்னா பண்ணுவான் தெரியுமா? அந்த ஆளு கைய வுடுவாருன்னு தெரிஞ்சிகினு, தன் பையக் கொண்டாந்து அந்த சீட்ல வெப்பான். அவரு அத தன் பைன்னு நெனச்சி நேரா வூட்டுக்குள்ள எட்த்துகினு போவாரு."

"அப்போ நான் ஒண்ணும் அமுக்க வேணாமா?"

"சில ஓட்டையில, பக்கத்தத் தொறந்தாலே போதும்."

இன்னொரு வகையும் சொன்னாள். மூன்று பேர் இருக்கையில் நான்காவது ஆள் இடித்து உட்கார்ந்தால் ஓரத்து ஆள் நடைபாதையில் விழுவது போல, கொடுத்த இடத்துக்கு மேல் எழுதிப் பக்கத்து இடத்தைக் கெடுப்பது. பிரவுசரின் பெரும் பகுதி பழைய கணினி மொழியில் எழுதியது, அதில் யாருக்கு எந்த இடம் என்று பார்க்கும் பொறுப்பு எழுதுகிறவர் தலையில்தான். இப்போது வந்த மொழிகளில் இறங்கின ஆள் கையை விடுவதுபோல் எழுதினால், வண்டி கிளம்பும் முன்பே பிடித்து நிறுத்திவிடுமாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றி எழுத முடியாது, அதனால் புதிய பகுதிகளை அப்படி எழுதுகிறார்கள். ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி அறையில் பூட்டியும் வைக்கிறார்கள், ஒன்று கெட்டால் மற்றதைத் தொடாமல் இருக்க. அதையும் தாண்டித் தெரியவரும் ஓட்டையை அடைத்து அனுப்புவதுதான் அப்டேட்.

முன்வரிசைப் பையன் ஒருவன் திரும்பி, "நீங்க எங்க வொர்க் பண்றீங்க பாட்டி?" என்றான். "படாளத்துல. நாலு மாடு" என்றேன்.

தேநீர் இடைவேளையில் மோனிஷா என் போனை வாங்கிப் பார்த்தாள். முகம் மாறியது. "ஆயா, இந்த பிரவுசர் ஒரு வருஷத்துக்கு மேல பழசு. அப்டேட்டே வரல." ஆப் இறக்கும் கடைக்குள் போய்ப் பார்த்தாள். 'வைஃபை இருந்தால் மட்டும் அப்டேட்' என்று இருந்தது. எங்கள் வீட்டில் வைஃபை எங்கே இருக்கிறது? மாடுதான் இருக்கிறது.

"யாரு வச்சது இத?"

டேட்டா மிச்சமாகட்டும் என்று, போன் வாங்கிக் கொடுத்த அன்றே சேகர்தான் வைத்தான். எனக்குக் காது சூடானது. அங்கேயே கூப்பிட்டேன்.

"டே நைனா, பூட்டு கெட்டுப்போய் வருஷமாவுது. புதுப் பூட்டு வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போவுது. வரவாணான்னு நீதாண்டா எழுதி வச்சிருக்க."

"இன்னாம்மா சொல்ற? ஒண்ணும் புரியல."

"உன் பொண்ணாண்ட கேளு."

அவள் பேசினாள். நியாயமாகவே பேசினாள். இந்த ஓட்டை வழியாகத்தான் வந்தார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, தடயம் இல்லை, ஆனால் கதவு திறந்து கிடந்தது நிஜம் என்றாள். எனக்குச் சாதகமாக ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம், நிறையப் பெருமை.

போட்டோக்களை அவள் கணினியில் ஏற்றிவிட்டு, போனில் இருந்ததை முழுக்க அழித்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினோம். பாஸ்வேர்டுகளை நான்தான் மாற்றினேன். அவளைத் திரும்பி நிற்கச் சொன்னேன். 3.30 பேருந்தில் ஏறி 6 மணிக்கு வீடு.

நீங்களும் இந்த வழியில் போவதாக இருந்தால், சனிக்கிழமை 7 மணிக்குள் செங்கல்பட்டில் இருங்கள், பிறகு நிற்க இடம் கிடைக்காது. விடுதிப் பக்கம் ஆட்டோவுக்கு 80க்கு மேல் கொடுக்காதீர்கள். கிளம்புவதற்கு முன் ஆப் கடையில் பிரவுசர் அப்டேட் நிற்கிறதா என்று பாருங்கள். வைஃபை இல்லாதவர்கள் டேட்டாவிலும் அப்டேட் ஆகும்படி மாற்றுங்கள். அப்டேட் ஆனதும் பிரவுசரை மூடித் திறங்கள். போனுக்கே வரும் அப்டேட்டையும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். அதற்கு மேலும் ஓட்டை இருக்கும், கண்டுபிடிக்க மோனிஷா மாதிரி ஆட்கள் இருக்கிறார்கள். படிக்காதவள் அமுக்கிவிட்டாள் என்று யாராவது சொன்னால், முதலில் எந்த வருடத்துப் பிரவுசர் என்று கேளுங்கள்.

ஞாயிறு 11 மணிக்குச் சேகர் வந்தான். "குடும்மா, பாப்போம்" என்று கையை நீட்டினான்.

"மொதல்ல உன் போன குடுடா" என்றேன்.

என்ன நினைத்தானோ, கொடுத்தான். அதே 'வைஃபை இருந்தால் மட்டும்'. பிரவுசர் என்னுடையதைவிடப் பழசு. அவன் அதில்தான் வங்கி வேலை எல்லாம் பார்க்கிறான். பக்கத்தில் உட்கார்ந்தான். என் டேட்டாவைப் பகிர்ந்து அப்டேட்டை ஏற்றினேன். முடிய 11.40 ஆனது. அவன் போனை அவனிடம் கொடுத்தேன். என் போனை அவன் கேட்கவில்லை.