அப்பா ஊதாத விசில்

எங்கள் தகரப் பெட்டியின் அடியில், அப்பாவின் கல்யாண வேட்டிக்குள் சுருட்டி வைத்த பித்தளை விசில் ஒன்று இருந்தது. தீபாவளிக்கு முந்தின நாள் அப்பா அதை எடுத்துப் புளி போட்டுத் துலக்குவார். காதருகே வைத்து ஆட்டி, உள்ளே உருளும் தக்கையின் சத்தத்தைக் கேட்பார். பிறகு அது மறுபடி வேட்டிக்குள் போய்விடும். ஒருநாளும் அவர் அதை ஊதியதில்லை. எங்களைத் தொடவிட்டதும் இல்லை.

அது அவருடைய பழைய கூட்டாளி கொடுத்தது. இருவரும் ஊரிலிருந்து ஒரே கப்பலில் இந்த நாட்டுக்கு வந்தவர்கள். பிரிக்பீல்ட்ஸ் சரக்குக் கொட்டகையில் சேர்ந்து மூட்டை தூக்கியவர்கள். ரயில் கார்டு வேலைக்கும் சேர்ந்தே மனுப் போட்டார்களாம். கூட்டாளிக்குக் கிடைத்தது, அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. வடக்கே மாற்றலாகிப் போகும்போது அவர் தன் முதல் விசிலை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டால், "கண்ணு சரியில்லன்னுட்டாங்க" என்பாள் அம்மா. இருட்டிலும் ஊசியில் நூல் கோர்க்கிறவர் அப்பா. அம்மா ஏதோ மறைக்கிறாள் என்றே நினைத்தேன்.

அந்த வருஷம் கூட்டாளி கிள்ளான் வண்டிக்கு மாற்றலாகி வந்திருந்தார். போய்ப் பார்த்து வரச் சொல்லி அம்மா எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். "பாப்போம்" என்பதோடு அப்பா நிறுத்திக்கொள்வார்.

ரயில்வே குடியிருப்புப் பிள்ளைகளான எங்களுக்குச் சாயங்காலமானால் ரயில் விளையாட்டுதான். கூச்ச சுபாவம் காரணமாக எனக்கு எப்போதும் கடைசிப் பெட்டி வேஷம். தொண்டை பெரிதாக இருந்த பக்கத்து வீட்டுப் பெண்தான் நிரந்தரக் கார்டு. ஒரே ஒரு தடவை நான் கார்டாக வேண்டும் என்று எனக்கு ஆசை.

கிள்ளானில் அத்தை மகனுக்குக் காது குத்து. கொல்லையில் அறுத்த வாழை இலைக் கட்டோடு புறப்பட்டோம். அம்மா பெட்டியிலிருந்து சேலை எடுத்த நேரத்தில் நான் விசிலை எடுத்துப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டேன். கிள்ளான் வண்டியில் ஏறியதும் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன்.

வழியில் ஒரு சிறிய நிலையத்தில் வண்டி நின்றது. தண்ணீர் பிடிக்க அம்மா கூஜாவோடு இறங்கினாள். அப்பா கண் அசந்திருந்தார். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி ஒரு ஊது ஊதலாம் என்று வாயில் வைத்தேன். விசிலுக்கு மெதுவாக ஊதத் தெரியாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஊதினால் கொடி காட்ட வேண்டும் என்பது எங்கள் விளையாட்டின் சட்டம். என் கை தானாகவே ஒரு இலை நுனியை உருவி, ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டியது.

எஞ்சின் பதிலுக்குக் கூவியது. வண்டி நகர்ந்தது!

ஒரு முழு ரயில் என் பேச்சைக் கேட்டது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்னால் வந்ததில்லை. அம்மா கூஜாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவதைப் பார்த்த பிறகுதான் அழுகை வந்தது. அம்மாவுக்குப் பின்னால் சிவப்புக் கொடியை வீசியபடி கார்டும் ஓடி வந்தார். வண்டி குலுங்கி நின்றது.

"எவன் ஊதினது?" என்று கத்திக்கொண்டே அவர் எங்கள் பெட்டிக்குள் ஏறினார்.

"எவன் இல்லீங்க, இந்தக் குட்டிக் கார்டுதான்" என்று வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒருவர் என்னைக் காட்டினார்.

விசிலை நீட்டினேன். பறித்துத் தன் பையில் போடப் போனவர், அதன் விளிம்பில் இருந்த நசுங்கலைத் தடவிப் பார்த்து நின்றுவிட்டார். இலைக் கட்டை மார்போடு அணைத்து, தலை குனிந்து நின்ற அப்பாவைப் பார்த்தார். விசிலும் போயிற்று, அப்பா வேலையும் போயிற்று என்று நான் முடிவுகட்டினேன்.

"டேய், நீ இத ஊதவே மாட்டியோன்னு நெனச்சேன்டா."

"நான் ஊதலடா. எம் பொண்ணு ஊதிட்டா."

"நான் இந்த வண்டிக்கு வந்து நாலு மாசமாச்சு. ஒரு தடவ வந்து பாத்தியா?"

மூச்சிரைக்க ஏறிய அம்மா, நடந்தது என்ன என்று கூடக் கேட்காமல், "நல்லாக் கேளுங்கண்ணே, நான் கேட்டா பதிலே இல்ல" என்றாள்.

கார்டு அப்பாவின் கையைப் பிடித்து இறக்கி, விசிலை அவர் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"கொடிய நான் பாத்துக்குறேன். நீ ஊது."

அப்பா அதைச் சட்டையில் துடைத்தார். ஒரு தடவை அம்மாவைப் பார்த்தார். பிறகு ஊதினார். அவ்வளவு நீளமாக யாரும் ஊதி நான் கேட்டதில்லை. கார்டு பச்சைக் கொடியை உயர்த்தினார், வண்டி புறப்பட்டது, இரண்டு பேரும் ஓடிப்போய்க் கடைசியில் இருந்த கார்டு வண்டியில் தொற்றிக்கொண்டார்கள். கிள்ளான் வரும்வரை அப்பா எங்களிடம் வரவில்லை. அம்மா தொடையில் கிள்ளியது எனக்கு வலிக்கவே இல்லை.

எனக்கு ஒரே ஒரு குறைதான். விசிலைக் கொடுத்தவர், கொடியையும் அப்பாவிடம் கொடுத்திருக்கலாம். கார்டு கொஞ்சம் கஞ்சர் என்று நினைத்துக்கொண்டேன்.

காது குத்து முடிந்து திரும்பும்போது அப்பா குஷியில் இருந்தார். கிள்ளான் கடைத்தெருவில் வளையல் வேண்டுமா என்று அவராகவே கேட்டார். பச்சை வளையல் கேட்டேன். தட்டில் வெகுநேரம் தேடி, சிரித்துக்கொண்டே சிவப்பு வளையல்களை எடுத்து நீட்டினார். வேறு கேட்க நான் வாயெடுத்தேன். அம்மா என் கையை அழுத்தி, அவற்றையே மாட்டிவிட்டாள்.

அப்போதும் எனக்குப் புரியவில்லை.