சுதாவைக் கூப்பிட்டார்கள்

உக்குவளையில் தனியாக இருக்கும் எனக்கு, கண் ஓபரேஷனை விடவும் பெரிய பாடு, கூட வர ஒரு ஆளைப் பிடிப்பதுதான். ஆள் இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று கிளினிக்கில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகன் கட்டாரில். முப்பது வருஷம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன், கடைசியில் ஒரு த்ரீவீல்காரரைக் கெஞ்சினேன்.

"நான் வாறேன் சேர். யாரும் கேட்டா மகன்னு சொல்லிடுங்க."

ஆஸ்பத்திரி வாங்கில் என்னை உட்காரவைத்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றப் போனார். பன்னிரண்டு மணிக்குள் வந்துவிடுவாராம்.

நர்ஸ் வாசலுக்கு வந்து, "சுத! சுத என்ன!" என்று கூப்பிட்டார். என் சிங்களம் பஸ்ஸுக்கும் கடைக்கும்தான் காணும். 'என்ன' என்றால் 'வாங்க' என்பது தெரியும். யாரோ சுதாவாம். என் வகுப்புகளில்தான் எத்தனை சுதாக்கள்! மூன்றாம் தரமும் கூப்பிட்டபோது, எங்கே தொலைந்தாள் இந்தப் பெண் என்று எரிச்சல்கூட வந்தது. வாங்கில் இருந்த பலர் எழுந்து உள்ளே போனார்கள். எல்லோரும் சுதாவின் சொந்தக்காரர்கள் போலும் என்று நினைத்தேன், மடையன்.

வெகுநேரம் கழித்து, தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவர் என் கிளினிக் துண்டுச்சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"ஐயா, ஒங்க கண்ணுல இருக்கிறதுதான் சுத! பூ விழுறத சிங்களத்துல அப்பிடித்தான் சொல்வாங்க. இன்னைக்கு லிஸ்ட் முடிஞ்சிருச்சுங்களே."

ஒரு தரம் தமிழிலும் கூப்பிட்டால் வாய் வெந்தா போகும்? கத்த வேண்டும் போல் இருந்தது. த்ரீவீல்காரரும் இன்னும் வந்தபாடில்லை; பக்கத்தில் நின்று ஆமாம் போடக்கூட ஆளில்லாமல் எப்படிக் கத்துவது? நாலு மாதம் தள்ளி வேறு திகதி கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் மகனின் போனை எடுக்கவில்லை. லீவு கிடைக்கவில்லையென்று அழுதவன் அவன். அவனிடம் எப்படிச் சொல்வது? மூன்றாம் நாள் பின்னேரம் வீடியோ கோலில் வந்தான். திரையில் ஏதோ ஒரு நிழல்.

"கண்ணுக் கட்ட அவுத்துட்டாங்களாப்பா?"

"அவுத்தாச்சுடா. ஒரு கரைச்சலும் இல்ல."

"நல்லா தெரியுதா?"

"பளிச்சுன்னு தெரியுது. நீதான் மெலிஞ்சு போயிட்ட."



"அப்பா, நான் இன்னும் கெமராவே போடலயே."