பட்டறை வீட்டு விமானங்கள்

அந்தப் பசையின் வாசம் மூக்கில் ஏறியதும் கண்ணோரம் லேசாக நீர் கட்டும். சுண்டுவிரல் அளவே இருக்கும் அந்த டியூபின் மூடியை அண்ணன் பல்லால் கடித்துத் திறந்துவிட்டான் என்றால், எங்கள் வீட்டில் எந்நேரமும் குடியிருந்த கிரீஸ் வாடை, வெல்டிங் புகை, அம்மா தாளிக்கும் கடுகு எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு அது வீடு முழுக்கப் பரவிவிடும். "இந்தக் கருமத்த வெளியில வெச்சி ஒட்டக்கூடாதா" என்று அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போடுவாள். எனக்கு மட்டும் அது பிடிக்கும். அந்த வாசம் வந்தால் அண்ணன் ஒரு புது விமானத்தைத் தொடங்கிவிட்டான் என்று பொருள். அவன் பக்கத்தில் போய் உட்கார எனக்கு அனுமதி உண்டு என்றும் பொருள்.

எழுபதுகளின் கடைசி அது. பெரம்பலூரில், சென்னையிலிருந்து திருச்சி போகிற சாலையோரத்தில் அப்பா லாரிப் பட்டறை வைத்திருந்தார். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு. அப்பாவின் அப்பா அடுத்தவர் காட்டில் கூலிக்கு நின்று காலத்தைக் கழித்தவர். அப்பாதான் ஊரைவிட்டுக் கிளம்பி, ஒரு மேஸ்திரியிடம் வெல்டிங் பழகி, சொந்தமாகக் கடைசல் மெஷின் போடுகிற அளவுக்கு மேலே வந்தவர். அண்ணன் செல்வராசு என்னைவிட எட்டு வயது மூத்தவன். எங்களுக்கு இடையில் பிறந்தவை தங்கவில்லை என்பதால் இருவரையும் அம்மா கண்ணுக்குள் வைத்து வளர்த்தாள்.

எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. விமானம் என்பது வானத்தில் உயரத்தில் கோடு கிழித்துக்கொண்டு போகிற ஒன்று, அவ்வளவுதான். அதை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவர் கலியபெருமாள் மாமா. உறவு ஒன்றும் இல்லை, எங்கள் பட்டறைக்கு வாடிக்கையாக வருகிற லாரி டிரைவர். சென்னைக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவர், ஒருமுறை பர்மா பஜாரில் மூலை நைந்த ஓர் அட்டைப்பெட்டியை வாங்கிவந்து அண்ணனிடம் கொடுத்தார். "பொம்மன்னு நெனச்சி வாங்கிட்டேன் தம்பி, உள்ள பாத்தா எல்லாம் உதிரியா கெடக்கு. ஒனக்குத்தான் சரி" என்றார். பிளாஸ்டிக் சட்டம் ஒன்றில் காய் காய்த்ததுபோல இறக்கையும் வாலும் சக்கரமும் தொங்கின. ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து, பிளேடால் சீவி, ஒட்டிச் சேர்க்க வேண்டும். அண்ணன் அன்றைக்கு அதன் முன் உட்கார்ந்தவன்தான். அதன்பிறகு மாமா சென்னைக்குக் கிளம்பினால் அண்ணன் லாரிப் படியில் தொற்றிக்கொண்டு கொஞ்ச தூரம் போய், இன்னொரு பெட்டி வேண்டும் என்று ஞாபகப்படுத்திவிட்டுத்தான் இறங்குவான்.

பெட்டியின் மேல் எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்று போட்டிருக்கும். அதாவது அசல் விமானத்தை எழுபத்திரண்டாக வகுத்தால் இந்தக் குட்டி விமானம். அண்ணனுக்கு அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிற ஆசை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் கோலமாவு டப்பாவைத் தூக்கிக்கொண்டு, அப்பாவின் டேப்பால் அளந்து, பட்டறைக்கு முன்னாலிருந்த காலி இடத்தில் ஓர் அசல் அளவு விமானத்தை நாங்கள் இருவரும் வரைந்தோம். இறக்கை வேலிவரைக்கும் போயிற்று. விமானி உட்காரும் இடத்தில் என்னை உட்காரவைத்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு லாரி வந்து இடது இறக்கைமேல் நின்றது. அப்பா வெளியே வந்து கோட்டைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், டிரைவரிடம் சாவதானமாக, "வண்டியக் கொஞ்சம் பின்னால எடுங்க, றெக்க மேல நிக்கிது" என்றார். அப்பா அப்படித்தான். வாயைத் திறந்தால் கேலி, மூடினால் பாசம்.

வண்ணம் பூசுவதில்தான் என் வேலை தொடங்கும். லாரிகளுக்குப் பேர் எழுதுகிற பெயின்டர் மிச்சம் வைத்த எனாமலைச் சின்னச் சின்ன டப்பாக்களில் ஊற்றி வைத்திருப்போம். தூரிகையைத் தொடுவதற்கு முன் அண்ணன் ஒரு டப்பாவைத் தூக்கிக் காட்டி, "இது என்னா கலரு, சொல்லு பாப்பா" என்பான். "பச்சை" என்பேன். "இது?" "காவிக் கலரு." "கெட்டிக்காரி" என்று தலையில் தட்டிவிட்டுப் பூச ஆரம்பிப்பான். ஒவ்வொரு முறையும் கேட்பான். ஒவ்வொரு முறையும் சரியாகச் சொல்லிவிட்டு நான் பெருமையில் வீங்கிப்போவேன். அண்ணன் எனக்குப் பாடம் நடத்துகிறான் என்று பள்ளிக்கூடத்தில் தோழிகளிடம் அளந்துவிட்டதும் உண்டு.

விமானங்கள் சேரச் சேர அப்பாவே அவற்றுக்கு ஓர் அலமாரி செய்தார். தச்சனிடம் போகவில்லை. லாரிக்கு வாங்கிய ஆங்கிள் இரும்பை அறுத்து, பற்றவைத்து, பழைய பஸ்ஸின் கண்ணாடிகளை வெட்டிப் பொருத்தி, நாலு தட்டு வைத்த அலமாரி. சைக்கிள் கம்பியை வளைத்து ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு காலும் செய்து கொடுத்தார். அதில் ஏற்றியதும் ஒன்று திரும்புகிறமாதிரி, ஒன்று ஏறுகிறமாதிரி, எல்லாம் பறந்துகொண்டிருக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் அதை நிறுத்தினார். பில் கேட்க வருகிறவர், பத்திரிகை வைக்க வருகிறவர், யார் வந்தாலும் முதலில் அங்கே கூட்டிப்போவார். "எம்மவன் செஞ்சது. ஏர்போர்ஸுக்குப் போவப் போறான்" என்பார். அண்ணனின் ஆசையும் அதுதான். விமானம் ஓட்ட வேண்டும் என்றில்லை. அதன் எஞ்சினைக் கழற்றி மாட்டுகிற வேலை கிடைத்தாலே போதும் என்பான். எங்கள் பரம்பரையில் அரசாங்க உடுப்பு போட்டவர் எவரும் இல்லை. அவன் போட்டுக்கொண்டு வருவதைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அப்பாவுக்கு ஒரே வெறி.

பட்டறைக்காரர்களுக்கு ஆயுத பூஜைதான் தீபாவளி. அந்த வருஷமும் மெஷின்களைத் துடைத்து, ஸ்பேனர்களைக் கழுவி அடுக்கி, வாழைக்கன்று கட்டியாயிற்று. விமானங்களும் பூஜைக்கு வந்தாக வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றாள். அண்ணன் தயங்கித் தயங்கித்தான் எடுத்துவந்தான். சந்தனம் வைத்தால் பெயின்ட் போய்விடும் என்று அவன் கெஞ்சியதால், அம்மா தீக்குச்சி முனையில் குங்குமத்தை மட்டும் தொட்டு ஒவ்வொரு விமானத்துக்கும் கடுகளவு பொட்டு வைத்தாள். பச்சை பூசிய ஒரு சண்டை விமானம் கடைசியில் இருந்தது. அண்ணன் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுக்கு மட்டும் பொட்டு வெக்கல?" என்று கேட்டான்.

"வெச்சிருக்கேனே, றெக்க மேல. பாரு."

"எங்க? ஒண்ணுங் காணுமே."

பச்சையின்மேல் குங்குமம் எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. அண்ணன் அம்மாவைச் சீண்டுகிறான் என்று எல்லோரும் சிரித்தோம். கையில் சூடத்தட்டோடு நின்ற அப்பா, "ஏர்போர்ஸுக்குப் போறவன் கண்ணப் பாரு. இந்தக் கண்ண வெச்சிகிட்டுப் போனா வாசல்லயே வெரட்டி உட்டுடுவான்" என்றார். சிரிப்பு இன்னும் கூடிற்று. அண்ணனும் சிரித்தான்.

அடுத்த கோடையில் ஆள் எடுப்பதற்குச் சென்னைக்கு வரச்சொல்லி அவனுக்குக் கார்டு வந்தது. எழுத்துப் பரீட்சையில் தேறினான், ஓட்டத்திலும் தேறினான். மருத்துவப் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தவன் கைகால் கழுவிவிட்டு, அம்மா வைத்த சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "புள்ளி புள்ளியா ஒரு புஸ்தகம் காட்டுனாங்க. புள்ளிக்குள்ள நம்பரு இருக்குதாம். மத்தவன்லாம் படபடன்னு சொல்றான். எனக்கு வெறும் புள்ளிதான் தெரியுது. செவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுதாம்." பிறகு, தானே யோசித்துப் பார்ப்பவன்போல, "எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்னு நெனச்சிகிட்டிருந்தேன். வித்தியாசம் கண்டுபுடிக்க எனக்குத்தான் சாமர்த்தியம் பத்தலன்னு நெனச்சேன்" என்றான். அப்பா எதிரே நின்றிருந்தார். திரும்பிப் பட்டறைக்குப் போய்விட்டார். டப்பாவைத் தூக்கித் தூக்கிக் காட்டி என்னிடம் கேட்டதெல்லாம் எதற்காக என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் அழுதேன்.

பிறகு வந்தவர்களெல்லாம் அலமாரியைப் பார்த்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள். "தம்பி ஏர்போர்ஸுக்குப் போவுதுன்னிங்களே, என்னாச்சு?" அவர்கள் கேட்பது ஒன்றும் தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் அப்பாவின் முகம் கறுக்கும், அண்ணன் கொல்லைப்பக்கம் போய்விடுவான். ஒருநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அலமாரியில் அம்மாவின் சில்வர் டம்ளர்களும் தட்டுகளும் அடுக்கியிருந்தன. அரும்பாவூரிலிருந்து வந்திருந்த அத்தையின் பிள்ளைகளுக்கு விளையாட என்று, ஓர் அட்டைப்பெட்டியில் விமானங்கள் மொத்தத்தையும் அப்பா கொடுத்தனுப்பியிருந்தார். சாயங்காலம் வந்த அண்ணன் அலமாரிமுன் கொஞ்ச நேரம் நின்றான். சாப்பிட ஒரு தட்டை எடுத்து, "தட்டு கழுவணுமாம்மா?" என்று கேட்டான். அவ்வளவுதான். அடுத்த பொங்கலுக்கு நாங்கள் அரும்பாவூர் போனபோது, அத்தை வீட்டுக் களத்தில் ஓர் இறக்கை மட்டும் மண்ணில் கிடந்தது. நான் குனிவதற்குள் அண்ணன் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்விட்டான்.

அண்ணன் அப்பாவோடு பட்டறையிலேயே நின்றுவிட்டான். கடைசல் மெஷினில் அப்பா, வெல்டிங்கில் அவன். ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி கால் நூற்றாண்டுக்கு மேல் வேலை செய்தார்கள். வேலைப் பேச்சு பேசுவார்கள், சண்டை கிண்டை ஒன்றும் கிடையாது. ஆனால் கேலி நின்றுபோயிற்று. அந்த வீட்டில் அப்பாவின் கேலியைக் கேட்காமல் நான் பாதிப் பிள்ளைப்பருவத்தைக் கழித்தேன். எனக்குக் கல்யாணமாகி அரியலூருக்குப் போனேன், அங்கேயே டீச்சர் வேலையும் கிடைத்தது. அண்ணனின் கண்ணிலிருந்த அந்தக் குறை தாய் வழியாகத்தான் மகனுக்கு இறங்குகிறது என்பதை ஒரு பாடப்புத்தகத்தில்தான் படித்தேன். அம்மா சாகும்வரை அதை அவளிடம் சொல்லவில்லை.

அப்பா கடைசியாகப் படுத்தபோது லீவு போட்டுவிட்டுப் போய் உடனிருந்தேன். ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு மத்தியானம், கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, எந்த முன்பேச்சும் இல்லாமல் சொன்னார்: "ஆயுதத்துக்கு முன்னாடி நின்னுகிட்டு, கையில சூடத்த வெச்சிகிட்டு அந்த வார்த்தய உட்டுட்டேன் பாப்பா. ஆயுத பூச அன்னைக்குப் பட்டறைக்காரன் சொல்ற வாக்கு பலிச்சிரும்னு எங்க மேஸ்திரி சொல்லுவாரு. என் வாய்தான் அவங் கண்ணத் தின்னுடுச்சு."

"பொறவியிலேயே வர்றதுப்பா அது. நீங்க சொன்னதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அந்தப் பிளேன்களப் பாத்தாலே என் வார்த்ததான் காதுல கேட்டுச்சு. அதான் ஒழிச்சிக் கட்டுனேன்" என்றார். அதற்குமேல் கஞ்சி வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்று பட்டறை இருந்த இடத்தின் பெரும்பகுதி நாலுவழிச் சாலைக்குள் போய்விட்டது. நாங்கள் கோலமாவால் வரைந்த இடத்தில் கார்கள் பறக்கின்றன. அலமாரியைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. அந்த விமானங்களை யாரும் போட்டோ எடுத்துவைக்கவில்லை. எத்தனை இருந்தன என்று கேட்டால்கூட அண்ணன் ஒரு கணக்கு சொல்வான், நான் ஒரு கணக்கு சொல்வேன்.

அப்பாவின் காரியம் முடிந்த வாரம், மீந்த சாமான்களை அண்ணனும் நானும் ஒழித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பேச்சு வந்தது. "அப்பாவுக்கு எம்மேல வெக்கம் பாப்பா. வர்றவங்ககிட்ட என்னையப் பத்தி என்னான்னு சொல்றதுன்னுதான் எல்லாத்தையும் தூக்கிக் குடுத்தாரு. அதுக்கப்பறம் அவரு மூஞ்சிய நேராப் பாத்து நான் பேசுனதே கெடையாது" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனுக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைத்திருந்தேன். அப்பா அந்த மத்தியானம் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கையிலிருந்த ஸ்பேனரை அவன் கீழே வைத்தான்.

"எப்ப சொன்னாரு?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டியாந்த மறுநாளு. மத்தியானம்."

"அன்னைக்குக் காலையில நாந்தானே அவருக்குச் சவரம் பண்ணி உட்டேன்" என்று கையைத் தூக்கிக் காட்டினான். "மொகத்தப் புடிச்சிகிட்டு அம்மாம் நேரம் பக்கத்துலயே ஒக்காந்திருந்தேன். எங்கிட்ட சொல்லலியே."

சொல்லிவிட்டும் அவன் கை கீழே இறங்கவில்லை. ஒரு கன்னத்தைத் தாங்கிப் பிடித்த வாக்கில் அப்படியே நின்றிருந்தது.